நூற்று முப்பத்தொன்றாம் துண்டின் எடை

கிரீன்லாந்துப் பனிமேட்டின் அடியில் வெட்டிய குகையறையில், எடை போடுவதற்கு முன்பே அந்தப் பனிக்கட்டித் துண்டு பிபாலுக்கின் கையுறையிலிருந்து வழுக்கி விழுந்து நொறுங்கியது. எழுபத்திரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து துளைப்பான் மேலே கொண்டுவந்த நூற்று முப்பத்தொன்றாவது துண்டு அது. பாதித் தூள் தரைப்பனியோடு கலந்துவிட்டது. மிச்சத்தைப் பையில் அள்ளிக் கட்டினாள்.

பிறகு அவள் புத்தி கோணலாக ஓடியது. மேலே விழும் பனி கீழே இருப்பதை அமுக்குகிறது. காற்று போகும் வழிகள் அடைபட்டுக் குமிழிகளாகின்றன. குமிழிகள் நசுங்க நசுங்கப் பனிக்கட்டி கனக்கிறது. எல்லாம் ஒரே நீளத் துண்டுகள்; ஆழம் கூடினால் கனமும் கூடத்தானே வேண்டும்? மேல் துண்டின் எடைக்கும் கீழ்த் துண்டின் எடைக்கும் நடுவாக ஓர் எண்ணை ஏட்டில் எழுதிவைத்தாள்.

பத்தடி தள்ளி இன்னொரு துளை போட்டிருந்தார்கள். அதன் துண்டுகளை எடை போடுபவன் மினிக். அதே ஆழத்தில் அவனுடைய துண்டு, அதற்கு மேலே இருந்ததைவிட லேசாக இருந்தது. மூன்று முறை போட்டும் அதே எடை. முகாம் தலைவர் ஊலே இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டார். பிபாலுக்கின் எண்கள் சீராக ஏறின. ஆகவே தப்பு மினிக்குடையது என்று முடிவாயிற்று. அவனைத் தராசிலிருந்து எடுத்து, சமையலுக்குப் பனி உருக்க அனுப்பினார். சனிக்கிழமைக் கேக்கைச் சாப்பிட்டபடி, தராசுக்குப் போதை ஏறிவிட்டதா என்று எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். பிபாலுக்கும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நினைக்க நினைக்க அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

திங்களன்று மினிக் மண்வெட்டியும் கையுமாக அவளைத் தேடி வந்தான்.

"நீ எடை போடறப்ப பக்கத்துல நின்னு பாக்கட்டுமா? என் கை எங்க தப்பு பண்ணுதுன்னே தெரியல."

அவளால் தலை நிமிர முடியவில்லை. நொறுங்கிய துண்டு இருந்த பையை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு ஊலேயிடம் போனாள்.

"இத நான் எடையே போடல. கீழ போட்டு ஒடச்சிட்டேன். அந்த நம்பர் சும்மா எழுதுனது."

ஊலே ஒரு சில்லை உருப்பெருக்கியில் பார்த்தார். பருத்த பனிமணிகள், இடையில் இன்னும் அடைபடாத காற்று வழிகள். லேசான அடுக்குதான் அது. ஏட்டில் அவளுடைய எண்ணை அடித்தார்.

மினிக் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவனோ முகமெல்லாம் சிரிப்பாக அவளைத்தான் கேட்டான்:

"அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பிபாலுக் பனி அள்ளும் மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.