பன்னிரண்டாம் கேள்வி

"ரெண்டு பேரும் எழுதியாச்சா? சரி, பேப்பரை மாத்திக்குங்க."

பாஸ்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி தன் பேப்பரைக் கையால் மூடிக்கொண்டாள்.

சபை அலுவலகத்தின் பின்னறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கடகடக்கும் மின்விசிறி. கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனை. ஜோடி தனித்தனியாக இருபது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பாஸ்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் நாளை ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிக்கப்படும். அவர் மட்டும்தான் படிப்பார் என்று நம்பி, டாக்டரிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள்.

"நீங்கதானே படிப்பீங்க, பாஸ்டரம்மா?"

"நானா உன்னைக் கட்டிக்கப்போறேன்? அவர் படிக்கட்டும். சத்தமா."

அவர் என்பது ஏ.சி. மெக்கானிக். ஞாயிறுதோறும் சபையில் கீபோர்டு வாசிப்பதால் பெயரே 'கீபோர்டு' ஆகிவிட்டது.

"கையெழுத்து கிறுக்கலா இருக்குங்க. திருப்பி எழுதித் தரட்டுமா?"

"உன் மெசேஜையே புரிஞ்சுக்கிறவன் நான். குடு."

பறித்துக்கொண்டான். "கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? 'அலமாரியை அடுக்குவேன்.' அடேங்கப்பா! வாரம் ஒரு சண்டை போட்டா வீடு பளபளன்னு இருக்கும்."

பதினோரு கேள்வி வரை சிரிப்பு. பன்னிரண்டு: துணையிடம் சொல்லத் தயங்குவது எது?

"'தம்பி ஆபரேஷன் தியேட்டர்ல இருந்த ஒன்பது மணி நேரமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். அவன் பிழைக்கல. ரெண்டு வருஷமா நான் ஜெபம் பண்றதில்ல. பண்ற மாதிரி...'"

நிறுத்திவிட்டான்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி, "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்பவள் அவள். இப்போது எப்படிப் பார்த்தாலும் அவன் முகம் பிடிபடவில்லை. கோபமா? இரக்கமா? கல்யாணம் இருக்கிறதா, இல்லையா?

"போன வாரம் சாப்பிடும்போது கண்ணை மூடினியே, அப்ப?"

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க ஜெபத்தை முடிக்க நூத்திப் பத்து ஆகும்."

பாஸ்டரம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நான் கீபோர்டு வாசிக்கும்போது அழுவியே? அதுவும் நடிப்பா?"

"இல்ல."

"அப்ப அது என்ன?"

"தெரியலங்க! நம்பலைன்னா யார் மேல இவ்வளவு கோபம்? நம்பறேன்னா ஏன் வாயைத் திறக்க முடியல? தலையும் புரியல, வாலும் புரியல."

அவன் பாஸ்டரம்மா பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. இதுக்கு என்ன வசனம்?"

"அடக்கம் பண்ணின அன்னிக்கே ஆளாளுக்கு ஒரு வசனம் கொடுத்தோமே, போதாதா?" பாஸ்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நோயாளிப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு அப்பா இயேசுகிட்ட வந்தாரே, அவர்தான் ஞாபகம் வர்றாரு. நம்பறேன், நம்ப முடியாததுக்கும் நீங்களே உதவுங்கன்னாரு. இயேசு அவரை விரட்டல."

"அந்தப் பிள்ளை பிழைச்சிடுச்சே," என்றாள் கண்ணாடிக்காரி.

"ஆமா." பாஸ்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உன் தம்பி ஏன் பிழைக்கலன்னு எனக்குத் தெரியாதும்மா. முப்பது வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். தெரியாது."

பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் வைத்தார். "போடவா, வேண்டாமா? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

கீபோர்டு எழுந்தான். போச்சு, கிளம்பிவிட்டான் என்று அவள் நினைத்தாள். அவனோ நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான்.

"ஜெபம் பண்ணட்டுமா?"

இதுவரை அவன் அனுமதி கேட்டதே இல்லை.

"பண்ணுங்க. நான் கண்ணை மூட மாட்டேன்."

"மூடாதே."

குழாயைத் திறந்துவிட்டாற்போல் ஜெபிப்பவன் அவன். இன்று, "ஆண்டவரே..." என்று ஆரம்பித்து நின்றான். மறுபடி, "ஆண்டவரே..." ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன சொல்றது? நீ சொல்லு."

"ஏன்னு கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"எனக்கு அதுக்கு மேல வரல."

கேட்டான். "ஏன், ஆண்டவரே?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்களுக்கு ஒண்ணும் புரியல."

எங்களுக்கு. அந்த ஒரு சொல்லில் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"நாளைக்கு அறிவிப்பை வாசிக்கச் சொல்லுங்க, பாஸ்டரம்மா," என்றாள்.

"ஏதாவது புரிஞ்சுதாம்மா?"

"இல்ல. வாசிக்கச் சொல்லுங்க."