ஆள் தெரியாத போர்டு

இந்தக் காலத்தில் எவனும் பொருள் கெட்ட பிறகு தூக்கிப்போடுவதில்லை. நன்றாக ஓடும்போதே தூக்கிப்போடுகிறான். அதை இன்னொருவன் வாங்கி வந்து, புதையல் கிடைத்ததுபோல் பல்லை இளிக்கிறான். இளித்துக்கொண்டு எதிரே நின்றது பெரியவரின் சொந்த மாப்பிள்ளை.

மகள், வீட்டில் இருந்தபடியே வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். ஒரு ஸ்டுடியோ சோதனைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. இன்று மாலைக்குள் முடித்தால் நிரந்தரமாக வேலை வரும். அவளுடைய லேப்டாப் மண்டையைப் போட்டுவிட்டது. அதனால்தான் யாரோ விற்ற போன தலைமுறை மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, மலிவாகக் கிடைத்த புது ப்ராசஸர் என்று சேர்த்து அவளும் மாப்பிள்ளையும் மேசையில் கம்ப்யூட்டர் கட்டினார்கள்.

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன, விளக்குகள் மின்னின. திரை மட்டும் கறுப்பு.

"கல்யாண வீடு மாதிரி லைட்டு எரியுது, மாப்பிள்ளையத்தான் காணோம்" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "போர்டு பழசு மாமா. புது ப்ராசஸர அதுக்கு அடையாளம் தெரியல. பழைய ப்ராசஸர் ஒண்ணப் போட்டு எழுப்பி, போர்ட அப்டேட் பண்ணாத்தான் தெரியும்."

வேலைக்காலம் முழுக்க ஆலை வாசலில் காவல் நின்றவர் பெரியவர். "தெரியாத ஆள உள்ள விடல. இந்த வீட்டுலயே வேலை தெரிஞ்சது அது ஒண்ணுதான்!"

மகளும் மாப்பிள்ளையும் மெல்லத் திரும்பி, அவர் சீட்டாடும் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அதிலிருந்த ப்ராசஸர் அச்சாகப் பொருந்தும்.

"கிட்ட வந்தா கை இருக்காது!"

"அப்பா, சாயங்காலம் ஆகப்போகுதுப்பா."

அவள் கடிகாரத்தைக் காட்டினாள். அவர் உருகவில்லை, ஆனால் முணுமுணுத்தபடி நகர்ந்தார். வெளியே வந்த ப்ராசஸரின் ஓரத்தில் மகளின் நகப்பூச்சால் தானே ஒரு பொட்டு வைத்தார். "திருப்பித் தரும்போது மாத்தி வேற ஒண்ணச் செருகிட்டா?"

அதைப் போர்டில் மாட்டியதும் திரை வெளுத்தது. பென்டிரைவ் செருகி அப்டேட் தொடங்கியது. "நடுவுல கரன்ட் போனா போர்டு காலி" என்று மாப்பிள்ளை சொன்னதுதான் தாமதம், பெரியவர் கதவோரத்து சுவிட்ச் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

"மாமா, பாத்ரூம் போகணும், வழி விடுங்க."

"அடக்கிக்கோ!"

அப்டேட் முடிந்ததும் புது ப்ராசஸரை மாட்டினார்கள். ப்ராசஸர் சூடேறாமலிருக்கத் தடவும் வெள்ளைப் பசை இருவர் மூக்கிலும். திரை பளிச்சென்று வந்தது! மகள் வெட்டி முடித்த படம், அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தயாராகிவிட்டது. அனுப்பினாள். ஸ்டுடியோவிலிருந்து போன்: அடுத்ததும் நீங்களே செய்யுங்கள்.

மாப்பிள்ளை குதித்த குதியில் ஸ்க்ரூக்கள் நாலா பக்கமும் சிதறின. மகள் அப்பாவின் கன்னத்தைக் கிள்ளினாள். பசை அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

பொட்டு வைத்த ப்ராசஸர் தன் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போனதைக் கண்ணை இடுக்கிப் பார்த்து உறுதி செய்தபின் அவர் கேட்டார்: "இவ்வளவு நல்ல போர்டுன்னா, வச்சிருந்தவன் ஏன் வித்தான்?"

"அவன் இதவிடப் புதுசு வாங்கிட்டான் மாமா."

"ம்க்கும். எதையோ பாத்துட்டுத்தான் வித்திருக்கான்."

பெட்டியைச் சுமந்துகொண்டு தன் அறைக்கு நடந்தார்.