வாங்கியவர் பெயர்: ரம்லத் பீவி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கட்டுமாவடியில் ஒரு கல்யாண விருந்து. என்னோடு ஒரே சஹனில், அந்தப் பெரிய பொதுத்தட்டில், கைவைத்துச் சாப்பிட்டவர் பெருமையாகச் சொன்னார்: நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தபோது, அவருடைய பாட்டனார் தாஜுதீன் துணிந்து போய், வாடகைக்கு விட மெட்ராஸில் ஒரு வீடு வாங்கினாராம். பணம் யாருடையது என்று கேட்டேன்.

"அவுக அக்கா ஏதோ குடுத்தாக."

அந்த 'ஏதோ'வுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. (பொய். இறங்கியது. கோபம் மட்டும் உண்மை.) நாலு வீடு ஏறி விசாரித்தேன். கிடைக்காததை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மெட்ராஸ் மாநகரம் அன்று பீதியில்…' வேண்டாம். கதை மெட்ராஸுடையதல்ல.

இரண்டாவது: 'எழுதப் படிக்கத் தெரியாத விதவை ரம்லத் பீவி…' அந்த அக்காதான். ஒரே வரியில் இரண்டு பொய். அவள் புருஷன் பினாங்கில் இருந்தார். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு கடிதம் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். படிக்கவும் தெரியும். அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பாள். நம் தமிழ் எழுத்துதான் பழக்கமில்லை. பார்த்தீர்களா, அவளுக்காக வழக்காட வந்த நானே அவளைத் தற்குறியாக்கிவிட்டேன். அந்த வரியை அடித்தாலும் இங்கேயே விட்டுவைக்கிறேன், எனக்கு உறைக்கட்டும்.

3

ரம்லத் பீவி கருவாட்டு வியாபாரி. யுத்தத்தால் படகுகள் கடலுக்குப் போவது குறைந்தது. மாதா மாதம் நிலையாக ஒரு வருமானம் வேண்டுமென்று யோசித்தவளுக்கு, பட்டணத்தில் வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போவதாகச் செய்தி வந்தது. குண்டு விழுந்தால் என்ன செய்வாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

"கட்டடம் போனா மனை இருக்கும்ல."

தம்பி தாஜுதீனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேராவூரணியில் ரயிலேறினாள்.

ராயபுரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டை விற்கிற நாகராசு கும்பகோணத்துக்குக் கிளம்பத் தயாராகப் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்திருந்தார். பின்கட்டில் அமிர்தவல்லி என்றொருத்தி குடியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆயா, வேலையை விட்டு ஓட வழியில்லாதவள். அவள் குடியிருக்கிற கட்டு விலை பேசப்படுவதையே யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ரம்லத் பீவிதான் போய்ச் சொன்னாள். நீங்கள் இருக்கிறபடியே இருக்கலாம் என்றும் சொன்னாள்.

4

மறுநாள் மத்தியானம் தாஜுதீன் பத்திரத்தை எழுதி வாங்கி வந்தான். பதிவு ஒன்றுதான் பாக்கி. ரம்லத் பீவி அதை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போய், வாசித்துக் காட்டும்படி அமிர்தவல்லியிடம் கேட்டாள்.

(தம்பி மேல் சந்தேகமா? இல்லை என்றே நினைக்கிறேன். தன் பெயரைக் காதால் கேட்க ஆசை. இது என் ஊகம்.)

அமிர்தவல்லி எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, வாங்குறவர் பேரு தாஜுதீன்னு போட்டிருக்குதுங்க."

ரம்லத் பீவி அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு முன்கட்டுக்கு வந்தாள்.

தாஜுதீன் மழுப்பவில்லை. அக்காவிடம் நேராகவே சொன்னான்: "பேருக்குத்தானே, லாத்தா. பொம்பளைய ஆபீசுப் படி ஏத்துனா ஊரு என்ன பேசும்?"

"ஏலத்துல ஆம்பளையளோட ஆம்பளையா நின்னு கருவாடு எடுத்தேனே, அப்ப எங்கடா போச்சு ஊரு?"

இந்த இடத்தில் தாஜுதீனைக் கயவனாக எழுத எனக்குக் கை துடிக்கிறது. அவன் கயவனில்லை. தான் செய்வது சரியென்றே நம்பினான். என் ஆத்திரத்துக்குக் காரணமே அந்த நம்பிக்கைதான். எல்லாரும் அதே நம்பிக்கையோடுதான்… விடுங்கள்.

நாகராசு குறுக்கிட்டார். சாயங்கால ரயிலுக்கு அவர் போயாக வேண்டும். இந்தப் பத்திரத்தை இன்றைக்கே பதிய வேண்டும், இல்லையென்றால் பேச்சு முறிந்தது என்றார். ரம்லத் பீவி பத்திரத்தை நாலாகக் கிழித்துப் பாய்மேல் வைத்தாள்.

"போறதுன்னா போங்க. பயம் ஒங்களுக்குத்தான், எனக்கில்ல."

அன்றைய ரயிலில் நாகராசு போகவில்லை. ஊரே ஓடிக்கொண்டிருக்கையில் வேறு யார் வாங்க வருவார்கள்? மறுநாள் புதுப் பத்திரம் எழுதினார்கள். ரம்லத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதிவு ஆபீசுப் படி ஏறி, அரபு எழுத்தில் கையெழுத்துப் போட்டு, கைநாட்டும் வைத்தாள். முதல் வாடகை அமிர்தவல்லியிடமிருந்து வந்தது.

5

முடிவு ஒன்று: ரயிலிலேயே தம்பி அழுதான், அக்கா அவன் தலையைத் தடவினாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சாகும்வரை இருவரும் பேசவில்லை. இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பேராவூரணியில் இறங்கியதும் ரம்லத் பீவி மாட்டுவண்டி பிடித்து ஏறி உட்கார்ந்தாள். தாஜுதீன் சக்கரத்தின் அருகே நின்றான். உள்ளே இன்னொருவர் உட்கார இடமிருந்தது. ஊர் மூன்று மணி நேரத் தூரம், வெயிலோ வெயில்.

அவனை ஏறச் சொன்னாளா? ஆமாம் என்று எழுதினால் நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்கலாம். நான் எழுத மாட்டேன். இரக்கப்படுகிறவர்கள் நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வண்டியில் அந்த இடம் அவளுடையது. அவளிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.