எழுபத்து மூன்றாம் கட்டம்

கம்ப்யூட்டரில் புரோகிராம் அடிக்கும் இரண்டு எடிட்டர்களில் ஒன்றைச் சாயங்காலத்துக்குள் தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி எங்கள் மேனேஜர் தீர்த்தகிரி சார் என்னிடம் கேட்டிருந்தார். ஆளுக்கொன்றில் புரோகிராம் அடிப்பதால், அவற்றை ஓட்டும் பெங்களூர் பெரிய மெஷின் பாதியை ஏற்காமல் திருப்பிவிடுகிறது. இனி தர்மபுரி ஆபீசில் எல்லோருக்கும் ஒரே எடிட்டர். எல்லாப் புரோகிராம்களையும் அதில் மறுபடி சேமித்து, பிளாப்பிகளை இன்றைய பஸ்ஸிலேயே அனுப்ப வேண்டும்.

பழையதில் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரியும். புதியதில் திரை முழுக்கப் புரோகிராம் விரியும். மேலே எழுத்துக் கட்டங்களை எண்ணிக் காட்டும் அளவுகோலும் உண்டு. பக்கத்து மேஜை சென்னப்பன் புதியதன் பக்கம்.

“பழசு, மாட்டு வண்டி கட்டிக்கிட்டு பெங்களூர் போற மாதிரி இருக்குதுங்க பாய்,” என்றான்.

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். தாகமில்லை. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ சொன்னேன்; டீ வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

ஒரு வரிக்கு எண்பது கட்டம்; கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெரிய மெஷின் எழுபத்திரண்டு வரைதான் பார்க்கும். மிச்ச எட்டுக் கட்டம் அதற்குத் தேவையில்லை என்பதால், எழுதியவர் தன் பெயரை அங்கே அடித்துவைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். புதிய எடிட்டர் சேமிக்கும்போது அந்த எட்டில் இருப்பதை அழித்துத் தானாகவே வரிசை எண் போட்டுவிடும். சம்பளப் புரோகிராம்களில் வரிக்கு வரி வஹிதாவின் பெயர் இருக்கிறது. என் மனைவி. என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து அடித்தாள். போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

பழையதே போதும் என்று காட்ட, நாங்கள் சம்பளக் கணக்குப் போட்டுத்தரும் ஓசூர் ஆலை கேட்டிருந்த திருத்தம் ஒன்றை அதிலேயே அவள் புரோகிராமில் செய்தேன். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு மட்டும் சம்பளத்தோடு படி சேர்க்கும் வரி. அதில் ஒரு சொல் கூட்டினேன். சென்னப்பனைப் பார்க்கச் சொன்னேன்.

அவன் அதைப் புதியதில் திறந்தான். வரி வரியாக இறங்கினான். பிறகு அளவுகோலில் விரல் வைத்தான்.

“புள்ளி எழுபத்தி மூணுல நிக்குதுங்க.”

வரியை முடிக்கும் முற்றுப்புள்ளி. நான் கூட்டிய சொல் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வஹிதாவின் பெயரை ஒட்டி நிறுத்தியிருந்தது. பெரிய மெஷினுக்கு அந்தப் புள்ளி இல்லை. இரவு ஷிப்டு என்ற நிபந்தனை அடுத்த வரிக்கும் தொடரும். அடுத்த வரிதான் சம்பளச் சீட்டை அச்சிடுவது. பகல் ஷிப்டில் ஒருவருக்கும் சீட்டு வராது. மெஷின் பிழை என்றும் சொல்லாது.

சென்னப்பன் ஜெயித்த மாதிரி பேசவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா பேருக்காகத்தான் பழச புடிச்சிட்டு இருக்கறீங்கன்னு தெரியுமுங்க. நீங்க சொன்னா நானும் பழசுலயே அடிக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்.”

நான் எழுந்து சார் அறைக்குப் போனேன். புதியது என்று சொன்னேன். நல்லது என்றார். தலை நிமிரவில்லை.

சேமிக்கிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சென்னப்பன் சொன்னான். வேண்டாம் என்றேன். புள்ளியை உள்ளே இழுத்தேன். சேமித்தேன். பெயர் போய் எண்கள் நின்றன. ஒன்றும் தோன்றவில்லை. 

திரையில் புரோகிராமின் தொடக்கம் வரை ஏறிப் பார்த்தேன். புரோகிராமின் தலைப்பில், எழுதியவர் யார் என்று ஒரு வரி உண்டு. யார் எழுதினாலும் அங்கே தீர்த்தகிரி சார் பெயர். அதுவும் ஆபீஸ் வழக்கம்தான். அந்தப் பெயரை அழித்தேன்.

“சார் பாத்தா?” என்றான் சென்னப்பன்.

“பாக்கட்டும்.”

வஹிதா என்று அடித்தேன். பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தேன். அளவுகோலைப் பார்த்தேன். புள்ளி எழுபத்திரண்டுக்கு வெகு முன்னால் இருந்தது. சேமித்துவிட்டு அடுத்த புரோகிராமைத் திறந்தேன்.