தரையில் பட்ட வயிறு

நாய்க்குப் பொடியன் என்று பேர். உடம்போ அரை சோபா. அதை வளர்த்தவர் ஒரு பஸ் டிரைவர். அது சொறிய ஆரம்பித்தாலே மனைவி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பார். அவள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி தவழ்ற பிள்ளையோட வர்றா. அதுக்குள்ள சொறி போகணும், இல்ல நாய் போகணும். சொன்னா சொன்னதுதான்!"

சொன்னதோடு விட்டாளா? நாய் படுத்த இடமெல்லாம் ஃபினாயில் ஊற்றித் துடைத்தாள். அது அதிகம் சொறியச் சொறிய இவளும் அதிகம் ஊற்றினாள். வீடே ஆஸ்பத்திரி வராந்தாவாக நாறியது. டிரைவர் தன் பங்குக்கு, பஸ்ஸில் ஏறியவர்கள் சொன்ன எண்ணெயெல்லாம் தடவிப் பார்த்தார். பொடியன் அதை நக்கிவிட்டு வாந்தியெடுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டரம்மா நெருக்கமான சீப்பால் முடியை வாரி, விழுந்ததை ஈரத்தாளில் தட்டிப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி இல்லை. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சொறிப் பூச்சியும் இல்லை. அப்புறம் பொடியனை மல்லாத்தினார்.

"முதுகு நல்லாத்தான் இருக்கு. அடிவயிறு, தொடை இடுக்கு, பாதம் மட்டும் சிவந்திருக்கு. தரை படுற இடமா பார்த்து வந்திருக்கு. வீட்ல தரையை எதால துடைக்கிறீங்க?"

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, ஃபினாயில் டாக்டரம்மா! இதை நான் எந்த வாயால என் வீட்டுக்காரிகிட்ட சொல்வேன்?"

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க" என்று சிரித்தபடி, புண்ணுக்குக் களிம்பும், நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் பட்டையும் கொடுத்தார். "வயித்தையும் காலையும் வெறும் தண்ணியில கழுவித் துடைங்க. தரைக்கும் கொஞ்ச நாள் வெறும் தண்ணிதான்."

வீட்டு வாசலிலேயே மனைவி, கையில் மாப்போடு. மனிதர் மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"ஓகோ! சுத்தமா வச்சிருந்தது என் தப்பாக்கும்?"

பொடியனோ சண்டை தனக்கில்லை என்பதுபோல் புனலோடு அவள் காலடியில் மல்லாந்தது. இத்தனை நாளும் அந்த நாயை அவள் எட்ட நின்று விரட்டியதோடு சரி. குனிந்து பார்த்தாள். வயிறு முழுக்க ரத்தச் சிவப்பு.

"அடப்பாவமே, நானா உன்னை இந்தப் பாடு படுத்தினேன்?" மாப்பைப் போட்டுவிட்டு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள். பாதத்தை அவளே கழுவினாள். டிரைவர் துண்டோடு பக்கத்தில் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன். ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நாயை அனுப்பியாச்சா? பிள்ளை எந்நேரமும் தரையிலதான் வயித்தைத் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கிறான்."

அவள் கை நின்றது. பளபளவென்று மின்னிய தரையைப் பார்த்தாள். பொடியனின் வயிற்றைப் பார்த்தாள்.

"அது எங்கடி போகும்?" என்றாள். "உன் பிள்ளை படவேண்டியதை அதுதான்டி பட்டிருக்கு."