புருவத்துத் திருநீறு

தஞ்சோங் கிளிங் ஊரின் கணினிச் சிப்புத் தொழிற்சாலையில் பவானேஸ்வரி பத்தொன்பது வருடமாக நுண்ணோக்கிக்குள் குனிந்தே சம்பாதித்தவள். நகத்தில் பாதிகூட இல்லாத சிப்பில் கீறலோ தூசோ இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் பிரிப்பது அவள் வேலை.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொழிற்சாலையை வாங்கியது. சிப்பும் செய்யும், வங்கிகளை ஓட்டும் மென்பொருளும் விற்கும் பெரிய கம்பெனி. வந்த கையோடு ஒரு கேமராவைக் கொண்டுவந்து வைத்தார்கள். இனி மென்பொருளே சிப்பைப் பார்க்குமாம்; அவளைப் போலச் சிப்புப் பார்க்கும் பதினோரு பேரில் நாலு பேர்தான் மிஞ்சுவார்களாம். அந்த நாலு பேர் யார் என்பதற்கு இரண்டு வாரமாகச் சோதனை நடந்தது.

சோதனையின் கடைசி நாள் விடியலில், வீடிருக்கும் மெர்லிமாவில் அவளைப் பஸ் ஏற்றிவிட மோட்டார் சைக்கிளை எடுத்த கணவன் காந்தன், சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டும் கை. அதற்கு அளவு தெரியாது.

"போதும்ங்க. உள்ள பவுடர் ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"திருநீறு பவுடரா? அங்க போய் கழுவிக்கலா. மொதல்ல முருகன் பாக்கட்டும்."

திட்டிக்கொண்டே நெற்றியைக் காட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கையைத் தட்டிவிட அவளுக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. தொழிற்சாலைக் கழிப்பறையில் முகத்தை நன்றாகத்தான் கழுவினாள். புருவத்துக்குள் ஒட்டியிருந்தது தெரியவில்லை.

அவள் பார்த்து முடித்த தட்டுகளைக் கேமராவுக்குக் கொண்டுபோவது அனுசியா. ஒப்பந்த வேலைக்காரி, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பத்து மணிக்குக் கேமராத் திரை சிவந்தது. நாற்பது சிப்புள்ள ஒரு தட்டு முழுக்கக் கழிவு என்றது.

"கையுறை மாத்துனியா? ஒனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கு" என்றாள் சூப்பர்வைசர் ஷாந்தினி.

"மாத்துனேன்கா." அனுசியா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

பவானேஸ்வரி தட்டை வாங்கி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். நார் என்றால் சுருண்டிருக்கும், உலோகத் தூள் என்றால் மினுங்கும். இது மினுங்காத சாம்பல். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிமிர்ந்தபோது முகமூடிக்கு மேலே அனுசியாவின் கண்கள் நிரம்பி நின்றன.

"அந்தப் புள்ளைய விடு ஷாந்தினி. இது திருநீறு. என் புருவத்துலேருந்து விழுந்திருக்கு. காத்தடிச்சா போதும், தூக்கி வீச வேணாம்."

சொன்னபடியே காற்றுத் துப்பாக்கியால் அடித்தாள். மறுபடி கேமராவுக்குள் போன நாற்பதும் பச்சையாக வந்தன. என்ஜினியர் விமலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சொஃப்ட்வேருக்கே தெரியலலா! எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

எது நார், எது தூள், எது சாம்பல் என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் படம் படமாகச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் மென்பொருளுக்குள் ஏற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மதிப்பெண்ணில் அவள் இரண்டாவது. ஆனால் நாலு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தூசே ஆகாத கிளீன் ரூமுக்குள் பவுடரோடு வந்தது ஒழுங்குமீறல் என்று ஒரு கடிதம் மட்டும் கையில் வந்தது. அனுசியாதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று இரவு காந்தன் சோற்றுத் தட்டில் கை வைக்கவில்லை. "என் கையாலயே ஒன் வேலைய…"

"சும்மா இருங்க. நாப்பது சிப்பும் அந்தப் புள்ளையும் தப்பிச்சிருச்சில்ல. சாப்பிடுங்க மொதல்ல."

தொழிற்சாலைக் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போன காலையில் அவன் பொட்டலத்தை எடுக்கவே இல்லை. அவளே அவன் பையில் கைவிட்டு எடுத்து நீட்டினாள்.

"நல்லா பட்டையா பூசுங்க. இன்னிக்கு உள்ள போகப் போறதில்லலா."

கார்டையும் வெள்ளை அங்கியையும் ஒப்படைத்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். உள்ளே வெளிநாட்டுக்காரர் நாலு பேருக்கு விமலன் கேமராவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் அதே நாற்பது சிப்பின் படம். இந்தத் தடவை சிவக்கவில்லை, மஞ்சளானது. மேலே 'அபு' என்று வந்தது, சாம்பலுக்கு மலாய்ச் சொல். அதற்குக் கீழே அவள் சொன்னது அப்படியே மலாயில் இருந்தது: காற்றடித்தால் போதும், தூக்கி வீச வேண்டாம்.