உச்சியிலிருந்து ஒரு பெயர்

ராச்சாக்காரர்கள் மெதுவானவர்கள் என்று ஜார்ஜியா நாடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் மலையில் ஃபிர் மரம் ஒவ்வொன்றும் முப்பது மீட்டர் நிற்கிறது. அதில் அவசரமாக ஏறுகிறவன் அவசரமாகவே கீழே வருவான். எங்கள் ஊர் முர்மான் அவசரப்பட்டதே கிடையாது. பத்தொன்பது வருடமாகச் செப்டம்பர் பிறந்தால் வெறுங்கையோடு உச்சிவரை ஏறி, விதைக்காக அதன் கூம்புக் காய்களைப் பறித்து வருகிறான். அந்த விதை டென்மார்க் போய் முளைத்து, யார் வீட்டிலோ கிறிஸ்துமஸ் மரமாக நிற்கிறதாம். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்த வருடம் சட்டம் வந்துவிட்டது. கயிறும் இடுப்புவாரும் ஹெல்மெட்டும் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. ஒரு மரம் ஏறி, கயிற்றில் இறங்கிக் காட்டினால்தான் அனுமதி அட்டை. அட்டை இல்லாதவன் கீழே நின்று சாக்கு கட்ட வேண்டியதுதான். கூம்பு பறிக்கக் கிடைப்பதே மூன்று வாரம். அதற்குப் பிறகு அது மரத்திலேயே உதிர்ந்து, விதை காற்றோடு போய்விடும். பன்றி வளர்ப்பதும் பீன்ஸ் விதைப்பதுமாக மீதி வருடத்தை முர்மான் ஓட்டுவதே அந்த மூன்று வாரத்தை நினைத்துத்தான்.

தேர்வன்று காலையில் மனைவி கத்துனா வழக்கம்போலத் தகர டப்பாவை நீட்டினாள். உருக்கிய பன்றிக் கொழுப்பு. ஃபிர் பிசின் கையில் ஒட்டினால் ஒரு வாரத்துக்குப் போகாது. கொழுப்பைத் தடவிக்கொண்டு ஏறினால் இறங்கியதும் துடைத்துவிடலாம். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். முர்மான் முழங்கைவரை தாராளமாகத் தடவிக்கொண்டான்.

காட்டில் தேர்வு வைக்க வந்திருந்தவள் இங்கா, முப்பது வயதுக்காரி. கத்துனாவின் தம்பி ஜும்பர் முதலில் ஏறி, நாற்பது நிமிடத்தில் இறங்கி, அட்டையும் வாங்கிவிட்டான். பக்கத்து மாகாணமான இமெரேத்தியில் பெண் எடுத்து அங்கேயே பத்து வருடம் இருந்தவன்; வாயும் காலும் வேகம். கொழுப்பு நாற்றம் பிடிக்காது என்று கையுறை போட்டுக்கொள்வான். அதற்காக ஊரே அவனை மணப்பெண் என்று கூப்பிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் முர்மான்.

"மச்சான், நீ மேல போய்ச் சேர்றதுக்குள்ள காயெல்லாம் தானா உதிர்ந்துரும். கீழ துணி விரிச்சு வைக்கவா?" என்றான் ஜும்பர்.

"விரிச்சு வை. அதுலயே படுத்துத் தூங்கு. இறங்கி வந்து எழுப்பி விடுறேன்."

இங்கா சிரித்துக்கொண்டே இடுப்புவாரை இழுத்துப் பார்த்தாள். "அண்ணே, உச்சியில கயிறக் கட்டினதும் முடிச்சுல முழு எடையும் போட்டு உட்கார்ந்து பாருங்க. அது பிடிக்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் மரத்தச் சுத்தின வார அவுக்கணும். சந்தேகம்னா கூப்பிடுங்க."

"சரிம்மா" என்றான். ஆனால் கூப்பிடுவதாவது? மரத்தில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது, கீழே இருப்பவர்களும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பேசினால் கால் தவறுமாம். கத்துனா பத்தொன்பது வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் கீழேதான் நின்றிருக்கிறாள். அன்றும் அடிமரத்தைத் தொட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

இரண்டு வார்களை மாற்றி மாற்றி மரத்தைச் சுற்றிக் கொக்கி போட்டு, முர்மான் கிளை கிளையாக ஏறினான். உச்சிக்கு வந்ததும் மனசு நிறைந்துபோனது. கூம்புகள் மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நின்றன. ஒரு சாக்கு பறித்து, மெல்லிய கயிற்றில் கட்டி நிதானமாகக் கீழே இறக்கினான். பிறகு பெரிய கயிற்றை உச்சித்தண்டில் போட்டு, சொல்லிக்கொடுத்தபடி, கையால் தள்ளினால் நகர்ந்து ஆள் எடை விழுந்தால் இறுகுகிற வழுக்குமுடிச்சு போட்டு, அதில் உட்கார்ந்து பார்த்தான்.

முடிச்சு பிடிக்கவில்லை. சரசரவென்று ஒரு முழம் இறங்கினான். மரத்தைச் சுற்றியிருந்த வார் வெடுக்கென்று தடுத்து நிறுத்தியது.

இன்னொரு சுற்று கூடுதலாகச் சுற்றினான். அதுவும் வழுக்கியது. கயிற்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தால் கிறிஸ்துமஸ் பண்டிகைப் பன்றிக்கறி வாசனை. காலையிலிருந்து அந்தக் கையால்தானே சுருட்டினான், முடிந்தான், இழுத்தான்! கயிறு முழுக்கக் கொழுப்பு.

இப்போது என்ன செய்வது? கீழே பார்த்தான். இலை அடர்த்தியில் ஒருவரும் தெரியவில்லை. அவர்களுக்கும் இவன் தெரியமாட்டான். வாரை அவிழ்த்துவிட்டு, பேருக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழையபடி கிளை பிடித்து இறங்கலாம். கடைசி ஐந்து மீட்டரில் கயிற்றில் தொங்குகிற மாதிரி வந்தால் போதும். ஆயிரம் தடவை வெறுங்கையில் இறங்கியவன்தானே. கூப்பிட்டாலோ, கயிற்றுக்குக் கொழுப்புத் தடவிய முர்மான் என்று பத்து வருடத்துக்கு ஊர் வாயில் போட்டு மெல்லும்.

கை கொக்கிக்குப் போனது. கொக்கியிலும் கை வழுக்கியது. கிளையிலும் இப்படித்தானே வழுக்கியிருக்கும், இத்தனை வருடமும்? அவன் கையை எடுத்துவிட்டான். கிளையில் உட்கார்ந்தான். மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தபோது, இங்காவின் பெயர் வரவில்லை.

"கத்துனா!"

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "என்னய்யா? எங்க இருக்க?"

"உச்சியில. முடிச்சு நிக்கல. கையில கொழுப்பு. வேற கயிறு வேணும்."

"அசையாம இரு. கொழுப்பு நான் குடுத்ததுதான்" என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

முர்மான் மெல்லிய கயிற்றை இழுத்தபோது புதுக் கயிறு வந்தது. கூடவே ஒரு வாளி. வாளியில் கை தேய்க்க, கீழே டீக்கு மூட்டிய அடுப்பின் சாம்பல், துணியில் சுற்றிய பீன்ஸ் ரொட்டி, அடியில் ஜும்பரின் கையுறை.

"மணப்பெண்ணோடது, பத்திரம் மச்சான்!" என்று கத்தினான் ஜும்பர்.

முர்மான் சாம்பலால் கையைத் தேய்த்துத் துடைத்தான். ராச்சாக்காரன் அல்லவா, ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டு முடித்துத்தான் வாளியைக் கீழே இறக்கினான். பிறகு கையுறை மாட்டி, புதுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்தான். முடிச்சு இறுகப் பிடித்தது. மூன்று தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாரை அவிழ்த்தான். தரையைத் தொட்டபோது ஏற ஆரம்பித்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இலை மறைவுல அப்படியே இறங்கிரலாம்னு தோணலையாண்ணே?" என்று கேட்டாள் இங்கா.

"தோணுச்சும்மா. கை கொக்கிவரைக்கும் போச்சு."

அவள் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு அட்டையை நீட்டினாள். அடுத்து ஏற நின்ற நாலு பேர் தங்கள் கைக் கொழுப்பைத் தேய்த்தெடுக்கச் சாம்பல் வாளிப் பக்கம் போனார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது கத்துனா தரையைப் பார்த்தபடியே வந்தாள்.

"என்ன, ஊரு சிரிக்கும்னு யோசிக்கிறியா?" என்றான் முர்மான்.

"சிரிச்சுட்டுப் போகட்டும்." இன்னும் கொஞ்சம் நடந்தாள். "பத்தொம்பது வருஷம் கீழ நிக்கிறேன். நீ மேல இருக்கியா, என்ன ஆனேன்னு தெரியாது. கேக்கவும் கூடாது. ஒவ்வொரு மரத்துக்கும் பாதி உசுரு போகும். இன்னைக்குத்தான் நீ இருக்கேன்னு தெரிஞ்சு நின்னேன்."

ஒரு தடவைகூட முர்மான் அதை யோசித்ததில்லை.

மறுநாள் காலை அவன் முதல் மரத்தில் ஏறினான். கையில் சொந்தக் கையுறை. பாதி உயரத்தில் நின்று, வாரை மாட்டி, கொக்கி பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

"கத்துனா!"

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. இருக்கேன்."